எங்க்ஹௌசன்: தன் மதில்களுக்குள்ளேயே சுருங்கிய ஒரு துறைமுக நகரம்

ஆம்ஸ்டர்டாமைத் தவிர்த்து, ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) பழைய கடல்வணிகக் காலத்தை அறிந்துகொள்ள ஏற்ற ஒரு சிறிய நகரம் எது, இருபதாயிரம் பேர்கூட வசிக்காத அத்தகைய ஊர்களில் அவ்வளவு பெரிய தேவாலயங்களும் கோபுரங்களும் நிற்பது ஏன் என்பது கேள்வி. என் விடை எங்க்ஹௌசன். ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே சாலை வழியில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்கு ஃபிரீசியா என்னும் நிலப்பகுதியின் கிழக்கு முனையில், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்து நிற்கும் ஊர் அது. கேள்வியின் இரண்டாம் பகுதிக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், அந்தக் கட்டடங்கள் இன்றைய ஊருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1620-களில் அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள், அந்நாளில் அது ஐரோப்பாவில் கணிசமான நகரம். பிறகு ஊர் வறுமைப்பட்டது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழையது நின்றது. எங்க்ஹௌசனின் மரபுச் செல்வத்தை அதன் செழிப்பு உருவாக்கியது, அதன் நலிவு காப்பாற்றியது என்பதே என் கருத்து. இதை விளங்கிக்கொள்ள அந்த ஊர் எதனால் வளர்ந்தது, எதனால் தேய்ந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

தொடக்கம் மீன்பிடிப்புதான். எங்க்ஹௌசன் என்ற கரையோரக் குடியிருப்பும் கொம்மர்ஸ்கார்ஸ்பெல் என்ற அண்டைக் கிராமமும் இணைந்து 1355–56-இல் நகர உரிமை பெற்றன. நகரின் சின்னத்தில் முடிசூடிய மூன்று ஹெர்ரிங் மீன்கள் இருப்பது வெறும் அலங்காரம் அன்று. ஊரின் வாழ்வே அந்த மீனில்தான் இருந்தது. ஹெர்ரிங் கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் விரைவில் கெட்டுவிடும். ஒல்லாந்தர் அதைப் பிடித்த உடனேயே கப்பலிலேயே செவுளையும் குடலின் பெரும்பகுதியையும் நீக்கி, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அதனால் படகுகள் ஒவ்வொரு நாளும் கரை திரும்ப வேண்டிய கட்டாயம் நீங்கியது. 'பௌஸ்' எனப்பட்ட அகன்ற மீன்பிடிக் கப்பல்கள் வாரக்கணக்கில் வடகடலில் தங்கின. இந்த ஒரு தொழிலைச் சுற்றி உப்பு வணிகர், பீப்பாய் செய்வோர், கயிறு திரிப்போர், வலை பின்னுவோர், கப்பல் கட்டுவோர் என்று நகரம் முழுவதும் இயங்கியது. உப்பு பிரான்சிலிருந்தும் போர்த்துக்கல்லிலிருந்தும் வந்தது. உப்பிட்ட மீன் பால்டிக் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து தானியமும் மரமும் திரும்பின. பிற்காலத்தில் மிளகையும் ஜாதிக்காயையும் தேடிப் போன கப்பல்களுக்குத் தேவையான பணமும் மாலுமிகளும் முதலில் இந்த மீன் வணிகத்தில்தான் உருவானார்கள். மசாலாப் பொருள்களைப் பற்றியே பேசுவோர் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

அரசியலில் இந்த ஊருக்குத் திருப்பம் தந்த நாள் 1572 மே 21. அப்போது ஒல்லாந்தை ஆண்ட ஸ்பானிய மன்னருக்கு எதிரான கிளர்ச்சியின் 'கடல் பிச்சைக்காரர்' படை அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பிரீல் என்ற சிறு நகரைக் கைப்பற்றியிருந்தது. அடுத்த சில வாரங்களில் எங்க்ஹௌசன் மக்கள் தாமாகவே கிளர்ச்சியின் தலைவரான ஒராஞ்சு இளவரசர் வில்லியமின் பக்கம் சேர்ந்தார்கள். வட ஒல்லாந்தில் அவ்வாறு சேர்ந்த முதல் பெரிய துறைமுகம் இதுவே. ஆம்ஸ்டர்டாமோ 1578 வரை மன்னரின் பக்கமே நின்றது. ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் சௌடர்சே என்ற உள்கடலைக் கடந்தே ஆக வேண்டும். அந்த வழியில் காவல் நிற்பது போன்ற இடத்தில் இருக்கும் ஊர் எதிரணியில் சேர்ந்ததால், ஆம்ஸ்டர்டாமின் வணிகம் நெரிக்கப்பட்டது. 1573 அக்டோபரில் நடந்த சௌடர்சே கடற்போரில் மன்னரின் கடற்படைத் தலைவர் போசு பிரபு சிறைபிடிக்கப்பட்டார். வென்ற ஊர்கள் அவருடைய பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டன என்பது மரபு: வாள் எங்க்ஹௌசனுக்கு, கிண்ணம் ஹோர்னுக்கு, கழுத்துச் சங்கிலி மொன்னிக்கெண்டாமுக்கு.

வாளைவிட மதிப்புள்ள பரிசு ஒன்றும் கிடைத்தது. சௌடர்சேயில் ஆழம் காட்டும் மிதவைகளையும் அடையாளக் கம்பங்களையும் நட்டுப் பராமரித்து, அதற்காகக் கப்பல்களிடம் தீர்வை வாங்கும் உரிமை அதுவரை ஆம்ஸ்டர்டாமிடம் இருந்தது. வில்லியம் அதை எங்க்ஹௌசனுக்கு மாற்றிக் கொடுத்தார். நீர்வழியை அறிந்து அதைப் பிறருக்குக் காட்டுவதே வருமானமாக மாறிய ஊர் இது. அடுத்த தலைமுறையில் கடலறிவு நூல்கள் இங்கிருந்து தோன்றியதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

அந்தத் தலைமுறையில் மூவரைத் தனியே குறிப்பிட வேண்டும். முதலாமவர் லூக்காஸ் யான்சோன் வாஹனார். எங்க்ஹௌசனில் பிறந்து, பல ஆண்டுகள் கப்பலோட்டியாக இருந்து, பிறகு துறைமுகத் தீர்வை வசூலிப்பவராகப் பணியாற்றியவர். அவர் 1584-இல் வெளியிடத் தொடங்கிய கடல் வரைபடத் தொகுதி, மேற்கு ஐரோப்பாவின் கரைகளை ஒரே முறைப்படி வரைந்து, கரையிலிருந்து தெரியும் கோபுரங்களையும் குன்றுகளையும் மாலுமி கப்பலிலிருந்து காணும் தோற்றத்திலேயே காட்டி, நீரின் ஆழங்களையும் குறித்து அச்சான முதல் பெருந்தொகுதி. அதுவரை அப்பன் மகனுக்கு வாய்மொழியாகச் சொல்லித்தந்த அறிவு, விலை கொடுத்து வாங்கக்கூடிய புத்தகமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1588-இல், ஆங்கிலப் பதிப்பு வந்தது.

இரண்டாமவர் பெர்னார்டுஸ் பலுடானுஸ் என்ற மருத்துவர். இத்தாலியில் கற்று, சிரியா, எகிப்து வரை பயணம் செய்து, எங்க்ஹௌசனில் நகர மருத்துவராக நிலைகொண்டவர். விதைகள், சிப்பிகள், கனிமங்கள், பதப்படுத்திய விலங்குகள், தொலைநாட்டு ஆயுதங்கள் என்று அவர் சேர்த்த காட்சித் தொகுப்பைக் காண இளவரசர்களும் அறிஞர்களும் இந்தச் சிறு துறைமுகத்துக்கு வந்தார்கள். லைடன் பல்கலைக்கழகம் தன் புதிய மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவரை அழைத்தது. அவர் எங்க்ஹௌசனை விட்டுப் போகவில்லை. அவர் இறந்த பிறகு அத்தொகுப்பு கொட்டோர்ப் பிரபுவுக்கு விற்கப்பட்டு, பின்னர் கோபன்ஹேகன் சென்றது.

மூன்றாமவர் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர்: யான் ஹௌகன் வான் லின்ஸ்கோட்டன். ஹார்லெமில் பிறந்து, சிறுவனாகவே குடும்பத்தோடு எங்க்ஹௌசனில் குடியேறியவர். இளம் வயதில் ஸ்பெயின் சென்று, போர்த்துக்கீசியப் பேராயர் ஒருவரின் செயலராக 1583-இல் கோவா வந்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். போர்த்துக்கீசியர் கடல்வழிக் குறிப்புகளை மறைவாக வைத்திருந்த காலம் அது. பேராயரின் செயலர் என்ற நிலையில் தாம் கண்டதையும் கேட்டதையும் படி எடுத்ததையும் சேர்த்துக்கொண்டு, அசோர் தீவுகளில் இரண்டாண்டு தங்க நேர்ந்த பின் 1592-இல் அவர் ஊர் திரும்பினார். பலுடானுஸ் உதவியோடு அந்தக் குறிப்புகள் நூலாயின. கடல்வழிக் குறிப்புகள் அடங்கிய பகுதி 1595-இலேயே அச்சாகி, அவ்வாண்டு கோர்னெலிஸ் டெ ஹௌட்மன் தலைமையில் கிழக்கே புறப்பட்ட முதல் ஒல்லாந்தக் கப்பல் அணிக்குப் பயன்பட்டது. போர்த்துக்கீசியர் காவல் வலுத்த மலாக்கா நீரிணையைத் தவிர்த்து, சுந்தா நீரிணை வழியாக ஜாவாவை அடையலாம் என்ற கருத்து லின்ஸ்கோட்டனுடையதே. 'இட்டினெராரியோ' என்ற முழுநூல் 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் சோழமண்டலக் கரை நாகப்பட்டினத்தில் தொடங்கி வடக்கே மசூலிப்பட்டினம் வரை செல்வதாகவும், இடையில் சாந்தோம் இருப்பதாகவும் எழுதி, அங்கே நெய்யப்படும் பருத்தித் துணிகளின் நேர்த்தியைப் புகழ்கிறார். அந்தக் கரைக்கு அவர் வந்தவர் அல்லர். கோவாவின் கடைத்தெருவும் வணிகர்களின் பேச்சுமே அவருக்கு ஆதாரம். இருந்தும், அடுத்த கால் நூற்றாண்டுக்குள் எந்தத் துணியைத் தேடி ஒல்லாந்தக் கப்பல்கள் பழவேற்காட்டுக்கு வந்தனவோ, அந்தத் துணியின் செய்தி அவர் நூல் வழியே எங்க்ஹௌசன் வணிகரின் வீட்டுக்குள் முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் திரும்பிய பின் ஆர்க்டிக் வழியாகச் சீனா செல்ல முயன்ற இரு பயணங்களிலும் கலந்துகொண்ட அவர், பிறகு நகரின் பொருளாளராகப் பணியாற்றி 1611-இல் எங்க்ஹௌசனிலேயே காலமானார்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் 1602-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டபோது நிகழ்ந்தது வியப்பளிக்காது. கம்பெனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன். மொத்த மூலதனமான ஏறத்தாழ 64 லட்சம் கில்டரில் (கில்டர் அந்நாளைய ஒல்லாந்த நாணயம்) எங்க்ஹௌசன் கிளையில் மட்டும் 5,40,000 கில்டர் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் மிடல்பர்க்குக்கும் அடுத்த மூன்றாம் இடம் இது; டெல்ஃப்டும் ராட்டர்டாமும் பின்னால் நின்றன. ஆனால் நிர்வாகத்தில் அந்த விகிதம் இல்லை. பதினேழு இயக்குநர்களில் எட்டுப் பேர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவர்கள், எங்க்ஹௌசனுக்கு ஒருவரே. கப்பல்களைக் கட்டி அனுப்புவதிலும் வரும் சரக்கிலும் அதன் பங்கு பதினாறில் ஒன்று. ஊரின் பிற்கால நலிவுக்கு ஒரு விதை இந்த ஏற்பாட்டிலேயே இருந்தது என்று கருதுகிறேன். பணம் போட்டவர்கள், முடிவெடுக்கும் இடத்துக்கு அருகில் இருக்க விரும்பி நாளடைவில் ஆம்ஸ்டர்டாமுக்கே நகர்ந்தார்கள்.

கம்பெனியின் எங்க்ஹௌசன் தலைமை இல்லம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. நிற்பது 'பேப்பர்ஹௌஸ்' எனப்படும் மிளகு இல்லம். 1625-இல் ஒரு வணிகருக்காகக் கட்டப்பட்டு, பின்னர் கம்பெனியின் கிடங்கான இரட்டை முகப்புக் கட்டடம் அது. இலாபத்துக்கு முன்னே செலவு செல்லும் என்ற பொருள்படும் பழமொழி அதன் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தச் செலவைத் தாங்கியவர்கள் எல்லோரும் எங்க்ஹௌசன்காரர்கள் அல்லர் என்பதைத் தமிழில் எழுதும்போது சொல்லாமல் விடக்கூடாது. கம்பெனி 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை நிறுவியது. 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த மூன்று ஆண்டுகளில், பீஜப்பூர்ப் படைகளின் சூறையாடலால் தஞ்சை நாட்டில் பஞ்சம் பரவியபோது, பட்டினியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களைக் கம்பெனி அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பியது. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையிலிருந்து அவ்வாறு கொண்டுபோகப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. கம்பெனி ஒரே கணக்கில் இயங்கியது; ஆறு கிளைகளும் அதில் பங்காளிகள். மிளகு இல்லத்தின் செங்கல் முகப்பு அழகானது என்பதும், அந்த வணிகத்தில் நம் கரையின் மக்கள் சரக்காக எண்ணப்பட்டார்கள் என்பதும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. ஒன்றை மட்டும் சொல்லும் வழிகாட்டி நூல் பாதி உண்மையையே சொல்கிறது.

இனி ஊரின் உருவம். மக்கள் பெருகியதால் 1590-களில் நகரம் மேற்கே பெரிய அளவில் விரிவாக்கப்பட்டது. கொத்தளங்களோடு கூடிய புதிய மண்மதிலும் அகழியும் எழுந்தன. உள்ளே புதிய கால்வாய்களும் தெருக்களும் வகுக்கப்பட்டன. நகரம் இன்னும் வளரும் என்ற நம்பிக்கையில் செய்த திட்டம் அது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வளர்ச்சி நின்றது. 1652-க்கும் 1674-க்கும் இடையில் இங்கிலாந்தோடு நடந்த மூன்று போர்களில் ஹெர்ரிங் கப்பல்கள் எதிரிக்கு எளிய இலக்காயின. போர் ஓய்ந்த காலத்தில் வேறு நாடுகளின் மீனவர்களும், தெற்கே மாஸ் ஆற்று முகத்துவார ஊர்களும் போட்டிக்கு வந்தார்கள். கப்பல்கள் பெரிதாக, துறைமுகம் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டிருந்தது. ஆம்ஸ்டர்டாம் வணிகம் அனைத்தையும் தன்னிடம் ஈர்த்தது. கம்பெனி 1799-இன் இறுதியில் கலைக்கப்பட்டபோது எஞ்சியிருந்த கடைசித் தூணும் சாய்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மக்கள்தொகை ஏறத்தாழ ஐயாயிரம்தான்.

பெரியவருக்குத் தைத்த சட்டையைச் சிறுவன் அணிந்ததுபோல, அத்தனை நீள மதிலுக்குள் அந்த ஐயாயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஆளில்லாத வீடுகளை இடித்துச் செங்கல்லையும் மரத்தையும் விற்றார்கள். வெற்று மனைகள் மேய்ச்சல் நிலமாயின. நகரின் மேற்குப் பகுதியில் மதிலுக்கு உள்ளேயே பண்ணைவீடுகள் எழுந்தன. 'பூரன்ஹூக்', அதாவது உழவர் மூலை என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். ஒரு தொழிற்புரட்சி நகரமாக இருந்திருந்தால் மதில்களை இடித்துச் சாலையாக்கி, கால்வாய்களைத் தூர்த்து, பழைய முகப்புகளைக் களைந்திருப்பார்கள். எங்க்ஹௌசனுக்கு அதற்கான தேவையும் இல்லை, வசதியும் இல்லை. அதனால்தான் மேற்கு மதிலும் அகழியும் இன்றும் தம் கோணங்களோடு நிற்கின்றன. தரைவழி வந்தவர்கள் நுழைந்த கூபோர்ட் வாயிலும் நிற்கிறது. என்னைக் கேட்டால், ஊரில் முதலில் பார்க்க வேண்டியது துறைமுகம் அன்று, இந்த உழவர் மூலைதான். ஊரின் கதை முழுவதும் அங்கே விளங்கிவிடும்.

நகர மன்றக் கட்டடம் இதே கதையின் மறுபக்கம். கட்டடக் கலைஞர் ஸ்டீவன் வென்னகூல் வடிவமைத்து 1686–88-இல் எழுந்த அந்தக் கட்டடம், கல்லின் கம்பீரத்தாலும் உள்ளறை ஓவியங்களாலும் ஒரு தலைநகருக்கு ஏற்றது. ஆனால் நலிவு தொடங்கிவிட்ட பிறகே அது கட்டப்பட்டது. ஊரின் பெருங்குடும்பங்கள் அப்போதும் செல்வர்களாகவே இருந்தன. கணக்கேட்டில் தெரியத் தொடங்கியிருந்த சரிவை நகரத்தின் முகத்தில் காட்ட அவர்கள் விரும்பவில்லை.

செழிப்புக்கும் முந்தைய காலத்தைக் காண இரு தேவாலயங்கள் உள்ளன. மீனவர் பகுதியில் உள்ள தெற்குத் தேவாலயம் புனித பங்கிராசுக்கு உரியது. அதன் மரக் கூரையின் உட்புறத்தில் 1484-இல் தீட்டிய விவிலியக் காட்சிகள், சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்டுகள்) பூசிய வண்ணத்தின் கீழ் மறைந்திருந்து, 20-ஆம் நூற்றாண்டில் மீட்கப்பட்டன. மேற்குத் தேவாலயத்தில் மூன்று மண்டபங்கள் ஒரே உயரத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அதன் மணிக்கூண்டு தனியாக, மரத்தால் கட்டப்பட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கண்டு பலர் வியப்பார்கள். இளகிய நிலத்தில் கனமான செங்கல் கோபுரம் எழுப்புவது பெரும் இடர் என்பதை நினைத்தால் அது விளங்கும். உள்ளே 1542-ஆம் ஆண்டைச் சேர்ந்த செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத் தடுப்புச் சுவர், அந்நாட்டின் மறுமலர்ச்சிக் காலக் கலைப் படைப்புகளில் முன்வரிசையில் வைக்கத்தக்கது. துறைமுக வாயிலில் நிற்கும் டுரோமெடாரிஸ் கோபுரம் 1540-ஐச் சேர்ந்த காவற்கட்டடம். பின்னாளில் உயர்த்தப்பட்டு, புகழ்பெற்ற ஹெமோனி சகோதரர்கள் வார்த்த மணிகளைப் பெற்றது. ஓவியர் பவுலஸ் பொட்டர் 1625-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

மீட்சி மெதுவாகவே வந்தது. 1885-இல் தொடர்வண்டி வந்தது. நீருக்கு அப்பால் ஸ்டாவரன் ஊருக்கு நீராவிப் படகு ஓடியது. அதே காலத்தில் சுற்றியுள்ள களிமண் நிலத்தில் காய்கறி, மலர் விதை உற்பத்தி தொழிலாக வளர்ந்தது. இன்று என்ஸா சாடன் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். சின்ஜென்டா நிறுவனமும் இங்கிருந்து விதை வணிகம் நடத்துகிறது. ஹெர்ரிங் பீப்பாய்க்குப் பிறகு இந்த ஊரிலிருந்து உலகெங்கும் போகும் சரக்கு விதைப் பொட்டலம்தான்.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய மாற்றம் கடலே இல்லாமற்போனது. 1916 ஜனவரியில் வந்த புயல்வெள்ளம் சௌடர்சே கரைகளை உடைத்தது. பொறியாளரும் அமைச்சருமான கோர்னெலிஸ் லெலி நெடுங்காலம் வற்புறுத்திவந்த, உள்கடலை அணைகட்டி மூடும் திட்டம் 1918-இல் சட்டமாயிற்று. 1932 மே 28 அன்று பெருந்தடுப்பணை மூடப்பட்டது. உப்புநீர் உள்கடல் சில ஆண்டுகளில் நன்னீர் ஏரியாகி, ஐசல்மேர் என்று பெயர் பெற்றது. வெள்ளப் பயம் குறைந்தது. நெத்திலியும் ஹெர்ரிங்கும் பிடித்து வாழ்ந்த பல நூறு குடும்பங்களின் தொழில் முடிந்தது. 1970-களில் எங்க்ஹௌசனிலிருந்து லெலிஸ்டாட் வரை இன்னோர் அணை ஏரியைக் குறுக்கே பிரித்தது. அந்த அணைச் சாலைக்கு மேலே கப்பல்கள் நீர்த்தொட்டியில் கடந்துசெல்லும் நீர்ப்பாலப் பூட்டு 2003-இல் திறக்கப்பட்டது.

மறைந்த அந்த வாழ்வைக் காக்க 1948-இல் சௌடர்சே அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. அதன் உள்ளரங்கம் மிளகு இல்லத்தில் தொடங்கியது. 1983-இல் திறந்தவெளிப் பகுதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்கடலைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து மீனவர் வீடுகள், மீன் புகையிடும் கூடங்கள், சுண்ணாம்புக் காளவாய்கள், கடைகள் எனப் பல கட்டடங்கள் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. இடம்பெயர்த்த கட்டடம் தன் மண்ணை இழந்த கட்டடம் என்ற மறுப்பு நியாயமானதே. என்றாலும், பெயர்த்திருக்காவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டிருக்கும். கம்பெனியும் வணிகரும் கற்கட்டடங்களை விட்டுச் சென்றார்கள். எளிய மீனவர்களின் வீடுகளுக்கு இந்த ஒரு வழிதான் இருந்தது என்பதால் அந்த முயற்சியை நான் முழுமனத்தோடு போற்றுகிறேன்.

மேலும் ஆராய விரும்புவோர்க்கு இறுதியாக ஒன்று. எங்க்ஹௌசன் நகரின் பழைய ஆவணங்கள் அண்டை நகரான ஹோர்னில் உள்ள மேற்கு ஃபிரீசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனியின் ஆவணங்களில் பெரும்பகுதி தி ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த அந்த ஆவணத் தொகுதியில் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஒல்லாந்த ஏடுகளும் அடங்கும். அவற்றில் மிகுதியானவை கொச்சி நிர்வாகத்தைச் சேர்ந்தவை. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கப் பயின்ற தமிழ் ஆய்வாளர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றிய குறிப்புகள் அத்தகைய கையெழுத்துகளில்தான் இருக்கின்றன.